டீப் நோட்: மறுபடி வாராத ஒலி

திரையரங்கில் விளக்கு அணைந்ததும், படம் தொடங்கும் முன்பாக, டி.ஹெச்.எக்ஸ். என்ற எழுத்துகளோடு எழும் பெருமுழக்கத்துக்கு டீப் நோட் என்று பெயர். கலைந்த ரீங்காரமாகத் தொடங்கி, மேலும் கீழும் வழுக்கிப் பரந்து, கடைசியில் நாற்காலியே அதிரும்படி ஒரு சுருதிக் கூட்டில் வந்து நிற்கும். சின்தசைசர் இசையில் இப்படி இழுபட்டுச் செல்லும் ஒலியை ஸ்வீப் என்பார்கள். ஸ்வீப்புகளில் இதைவிடப் புகழ்பெற்றது இல்லை எனலாம். ஆனால் உருவாக்கியவருக்கே இரண்டாம் முறை அது கைகூடவில்லை.

1980களின் தொடக்கத்தில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய டாம்லின்சன் ஹோல்மன், திரையரங்க ஒலிக்கென ஒரு தர அளவுகோலை வகுத்தார். ஒலிக்கலவைக் கூடத்தில் கேட்டதே தியேட்டரிலும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். டி.ஹெச்.எக்ஸ். என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, 1983 மே 25-இல் வெளியான ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ படத்தோடு அரங்கேறியது. அதன் சின்னத்துக்கு ஓர் ஒலி தேவைப்பட்டது. எங்கிருந்தோ கிளம்பி வந்து மிகப் பெரிதாக வேண்டும். சின்னப் படத்தைத் தயாரித்தவர் சொன்னது அவ்வளவுதான். வேலை ஜேம்ஸ் மூரரிடம் வந்தது. ஸ்டான்ஃபோர்டிலும் பாரிஸின் இர்காம் மையத்திலும் கணினி இசையில் ஊறியவர் அவர். அப்போது லூகாஸ்ஃபிலிமில் ஏ.எஸ்.பி. என்ற ஒலிச் செயலி இயந்திரத்தை உருவாக்கி வந்தார்.

பல குரல்கள் தனித்தனியே வழுக்கும் ஒலிக்கு முன்னோடிகள் உண்டு. இசையமைப்பாளர் செனாக்கிஸ் 1954-இல் எழுதி முடித்த ‘மெட்டாஸ்டாசிஸ்’ இசைக்கோலத்தில் தந்திக் கருவிக்காரர்கள் ஆளுக்கொரு பாதையில் சறுக்குவார்கள். பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’ பாட்டுக்காக 1967-இல் 40 கலைஞர்கள், பக்கத்திலிருப்பவரைப் பின்பற்றாமல், தத்தம் கருவியின் அடி ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஏறினார்கள். தம் மனத்தில் இருந்தவற்றுள் ஒன்றாக மூரர் பின்னாளில் குறிப்பிட்டது இந்தப் பாட்டைத்தான்.

மூரர் கையில் ஆர்கெஸ்ட்ரா இல்லை. ஒலியலை எழுப்பும் 30 ஆஸிலேட்டர்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு குரலாக. அடிப்படை ஒலியாகச் செல்லோவின் நாதத்தை இலக்கமாக்கி எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் 30 குரல்களும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். எந்தக் குரல் எங்கே தொடங்கி எப்படி அலைய வேண்டும் என்பதைக் கணினி ரேண்டம் எண்களைக் கொண்டு தீர்மானிக்கும். சின்னம் திரையில் தோன்றத் தொடங்கும் நொடியில், ஒவ்வொரு குரலுக்கும் அது போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் கொடுக்கப்படும். உடனே தாவாமல் மெல்ல நகர்ந்து சேரும்படி ஒவ்வொன்றிலும் ஒரு வேகத்தடை உண்டு. சின்னம் முழுதாகத் தெரியும் வேளையில் அந்தத் தடையை மூரர் ஏறக்குறைய நீக்கிவிடுவார். குரல்கள் விரைந்து போய்த் தத்தம் இடத்தில் உட்காரும்.

உட்காரும் இடத்திலும் கொஞ்சம் பிசகு விட்டுவைத்தார். 150 ஹெர்ட்ஸில் ஒரு குரலும் 150.5 ஹெர்ட்ஸில் இன்னொன்றும் ஒலித்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி பெருத்துச் சிறுக்கும். 30 குரல்களுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விலகல்கள் மோதுவதால்தான் கடைசிச் சுருதிக் கூட்டு உயிரோடு துடிக்கிறது. இறுதிக் கூட்டின் அமைப்பு தமிழ்க் காதுக்குப் புதிதல்ல: 150 ஹெர்ட்ஸை ஆதாரமாகக் கொண்டு ஷட்ஜமும் பஞ்சமமும் ஸ்தாயி ஸ்தாயியாக அடுக்கப்பட்டு, உச்சியில் ஓர் அந்தர காந்தாரம். கிட்டத்தட்ட பூதாகாரத் தம்புரா.

இதற்கான நிரலை அவர் சி மொழியில் எழுதினார். அது இயங்கி ஏ.எஸ்.பி.க்கு அனுப்பிய கட்டளைகள் ஏறத்தாழ 2,50,000 வரி. ரேண்டம் எண்கள் ஒவ்வொரு முறையும் மாறுவதால், நிரலை ஓட்டும்போதெல்லாம் புதிய டீப் நோட் பிறந்தது. தேர்வானதில் ஒரு குரல் தற்செயலாக உரக்க ஒலித்தபடி கீழே இறங்கும். எல்லோருக்கும் பிடித்துப்போனது அந்த இறக்கம்தான். அதை யாரும் திட்டமிடவில்லை. பின்னர் ஒரு கட்டத்தில் மூல ஒலிப்பதிவு காணாமல் போனபோது மூரர் மறுபடி உருவாக்கித் தந்தார். முன்புபோல் இல்லை என்று குறை எழுந்தது. பழைய பதிவு அகப்பட்டதும் அதற்கே திரும்பினார்கள்.

லூகாஸ்ஃபிலிம் இந்த ஒலியை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்தது. பதிவுக் குறிப்பு 30 குரல்களையும், தொடக்க அலைவெண் வரம்பையும், மூன்று ஸ்தாயிப் பரப்பையும் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த விவரணை தேர்வான ஒலிக்கு மட்டுமன்றி, அந்த நிரல் பெற்றெடுத்திருக்கக்கூடிய எல்லா ஒலிகளுக்குமே பொருந்தும். அனுமதி மறுக்கப்பட்டும் ராப் கலைஞர் டாக்டர் ட்ரே 1999-இல் வெளியிட்ட ‘2001’ ஆல்பத்தில் இந்த ஒலியைச் சேர்த்ததால் வழக்கு வந்தது.

2009-இல் துருக்கிய நிரலாளர் பட்டுஹான் போஸ்குர்ட், சூப்பர்கொலைடர் மென்பொருளில் டீப் நோட்டை மீண்டும் கட்டினார். மூலப் பதிவை அவர் வெட்டி ஒட்டவில்லை. மூரர் வெளியில் சொல்லியிருந்த செய்முறையைப் படிப்படியாகப் பின்பற்றினார். செல்லோவுக்குப் பதில் ரம்பப்பல் வடிவ அலை. அதன் கூர்மையை மட்டுப்படுத்த லோ பாஸ் ஃபில்டர். இறுதி ஸ்வரங்களைப் பியானோவின் சமபங்குச் சுருதியில் வைக்காமல் 3:2 போன்ற இயல்பான விகிதங்களில் வைத்தார். முழக்கத்தின் திண்மைக்கு அதுவே காரணம். இன்று வீட்டுக் கணினியில் இதை முயல்பவர்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறார்கள். 30 அலைகள், ஆளுக்கொரு சிறு பிசகு, நீண்ட சறுக்கல், மெல்லத் திறக்கும் ஃபில்டர் என்று வைத்தால் எவரும் அடையாளம் காணும் ஒலி வந்துவிடும். அந்த இறங்குகுரலை மட்டும் தனியே கையால் வரைந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

மூரரும் 2015-இல் புதிய டீப் நோட் ஒன்றைச் செய்து கொடுத்தார். குரல்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடி, பார்வையாளரைச் சுற்றிலும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் டால்பி அட்மாஸ் அரங்குகளுக்கு ஏற்றதாக அது அமைந்தது. மூல ஒலியின் குறிப்புத்தாளை, அது வெளிவந்த 35-ஆம் ஆண்டான 2018-இல் டி.ஹெச்.எக்ஸ். நிறுவனமே பொதுவில் வெளியிட்டது.