முள் எந்தப் பக்கம்?

நாயின் கழுத்துப்பட்டையைப் பற்றிச் சரித்திரக் கட்டுரை எழுதுகிறவனைப் பார்த்து வாசகர்கள் சிரிக்கலாம். ராஜ்யங்களையும் சண்டைகளையும் விட்டுவிட்டு இவன் நாயைப் பிடித்துக்கொண்டானே என்று கேட்கலாம். உண்மையில் நாய்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் கழுத்தில் நான் போட்ட ஒரு சங்கிலி என்னை இரண்டாயிரம் வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. போகிற வழியில் ஒரு சோழ இளவரசனின் மரணமும் குறுக்கிட்டது. ஆகையால், சிரிப்பைக் கடைசிவரையில் ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடலூரில் எங்கள் வீட்டுக்கு ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஒரு வருஷத்துக்குள் என் இடுப்புக்குச் சற்றே தாழ்வாக வளர்ந்துவிட்டது. சரித்திரக் கதை எழுதுகிறவன் வீட்டு நாய்க்கு 'மணி' என்று பெயர் வைத்தால் நன்றாக இருக்குமா? 'கோவிவன்' என்று வைத்தேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்தக் காலத்துக் குடியானவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? நாயின் பெயர் தெரிகிறது!

என் தாயாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "கோவிந்தா, கோவிந்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் திடீரென்று பக்தி பெருகிவிட்டதாக அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். நாயோ இரண்டு பெயருக்குமே திரும்பிப் பார்க்கவில்லை. 'நல்ல ஜாதி நாய். அதனால் கொஞ்சம் திமிர்' என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு நாள் காலை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மா அதைத் தெருக்கோடிவரை அழைத்துப் போனார். எதிரே ஒரு வெள்ளாடு வந்தது. நாய் பாய்ந்தது. அம்மா "நில்லுடா!" என்று கத்தியும் அது நிற்கவில்லை. விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அன்று இரவு வீட்டில் மகாநாடு கூடியது. "நாய் வேணுமா, அம்மா வேணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் என் மனைவி. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அம்மா சொன்னார்: "அதை எங்கேயும் அனுப்பிடாதேடா. கயித்தைக் கையில சுத்திக்கிட்டது என் தப்பு."

நாய் வளர்த்து அனுபவப்பட்ட நண்பர் ஒருவர், "பயிற்சிச் சங்கிலி போடு; ஒரே வாரத்தில் வழிக்கு வரும்" என்றார். இரண்டு முனையிலும் வளையம் வைத்த எஃகுச் சங்கிலி அது. ஒரு வளையத்துக்குள் சங்கிலியைக் கோத்தால் சுருக்கு ஆகிவிடும். நாய் இழுத்தால் சுருக்கு இறுகும். கழுத்தை அளக்காமல், கண்ணளவிலேயே ஒன்றை வாங்கி வந்தேன்.

கண்ணளவு என்றதும் எங்கள் ஊர்ச் சரித்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1690ஆம் வருஷம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றிலும் எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை என்று பேச்சு. நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைவரை ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. புனித டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் கோவிவனை நடத்திச் செல்வது வழக்கம். என் அளவும் கம்பெனியின் அளவைப் போலத்தான் இருந்தது. என் கைக்குச் சௌகரியமா என்று பார்த்தேனே தவிர, அடுத்தவன் கழுத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் தேவனாம்பட்டினத்து மணலில் நாய் இருமத் தொடங்கியது. அன்று ராத்திரி அது சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போயிற்று.

கால்நடை வைத்தியர் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். நாய் நமக்கு இடப்பக்கம் நடக்கும்போது, கயிறு கட்டிய முனை அதன் பிடரிக்கு மேலாக வந்து வளையத்தில் நுழைய வேண்டும். நாய்க்கு எதிரே நின்று பார்த்தால் ஆங்கிலப் 'பி' எழுத்தைப் போல இருக்கும். அப்படிப் போட்டால், கயிற்றைத் தளர்த்தியதும் சுருக்கு தன் பாரத்தாலேயே நெகிழும். நான் போட்டபடி முனை தொண்டைக்குக் கீழாக வந்தால், கயிறு தளர்ந்தாலும் சுருக்கு தளராது. தண்டனை நின்ற பிறகும் வலி நிற்காது! "சரியாகப் போட்டாலும் இது தொண்டைக்கு ஆபத்தான சாமான்தான். கட்டிப் போட்ட நாயின் கழுத்தில் இது கிடக்கவே கூடாது" என்றும் சொன்னார். பிறகு இன்னொரு விஷயமும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தவன் புத்தகங்களைப் புரட்டினேன். நாய்க்கு முதலில் பட்டை போட்டவன் எதற்காகப் போட்டான்?

ரோமாபுரி அறிஞர் வர்ரோ, கிறிஸ்துவுக்கு முன் 37ஆம் வருஷம், தமது எண்பதாம் பிராயத்தில் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டு மந்தை காக்கும் பெரிய நாய்களுக்கு எப்படிப் பட்டை போட வேண்டும் என்று அதில் சொல்கிறார். தடித்த தோலில் பட்டை; அதைச் சுற்றிலும் தலையுள்ள ஆணிகள், முனை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள்பக்கம் ஆணித் தலைகளை மூடி மெல்லிய தோலைத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு நாயின் கழுத்தைப் புண்ணாக்கிவிடும். ஓநாய் ஒரு தடவை அந்த ஆணியில் வாய் வைத்துக் காயப்பட்டுவிட்டால், அப்புறம் பட்டை இல்லாத நாய்களையும் நெருங்காதாம். ஆக, அந்தப் பட்டை நாய்க்கு விலங்கு அல்ல, கவசம். முள் ஓநாய்க்கு, மெத்தை நாய்க்கு.

அதே இத்தாலியில், நூறு வருஷத்துக்குச் சற்று மேல் கழிந்து, 79ஆம் வருஷம் வெசூவியஸ் எரிமலை பாம்பெய் நகரத்தைப் புதைத்தது. 1874இல் ஒரு வீட்டின் முன்கட்டைத் தோண்டியபோது சாம்பலுக்குள் ஒரு வெற்றிடம் தெரிந்தது. அதில் சுண்ணக் கலவையை ஊற்றி எடுத்தார்கள். ஒரு நாயின் உருவம் வந்தது. உடம்பை முறுக்கி, நாலு காலையும் விரித்துக்கொண்டு, கழுத்தில் பட்டையோடு கிடந்தது. வீட்டுக்காரர்கள் சங்கிலியை அவிழ்க்காமல் போய்விட்டார்கள். அந்த நாயின் படத்தைப் பார்த்த அன்று என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

நம் தேசத்துக்கு வந்த சீமை நாய்களின் கதை வேடிக்கையானது. ஜஹாங்கீரின் சபைக்கு 1615இல் தூதராக வந்த ஸர் தாமஸ் ரோவின் காலத்தில் 'மாஸ்டிப்' என்ற பெரிய ஜாதி நாய்கள் கப்பலில் வந்தன. பாதுஷாவிடம் உயிரோடு போய்ச் சேர்ந்தவை இரண்டுதான். ஒவ்வொன்றுக்கும் நாலு ஆட்களை நியமித்தாராம் பாதுஷா. இரண்டு பேர் பல்லக்குத் தூக்க, இரண்டு பேர் ஈ ஓட்ட! ரோவோடு இருந்த பாதிரியார் டெர்ரி இதை எழுதி வைத்திருக்கிறார்.

இனி நம் பக்கத்துச் சங்கதிக்கு வருகிறேன். சிதம்பரம் பொன்னம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பராந்தக சோழனையும், சிதம்பரத்துக்கு மேற்கே கடல் போல் விரிந்து கிடக்கும் வீரநாராயண ஏரியையும் அறியாதவர்கள் உண்டா? வீராணம் என்று இப்போது சொல்கிறோம். அதைத் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்ததாகச் சொல்லப்படுகிறவன் பராந்தகனின் மூத்த புதல்வன் இராஜாதித்தன். வடக்கேயிருந்து வரும் ராஷ்டிரகூடப் படையை எதிர்பார்த்து, திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர்ப் பக்கம், அவன் வருஷக்கணக்கில் சேனையோடு தங்கியிருந்தான். 949இல் தக்கோலத்தில் யுத்தம் நடந்தது. இராஜாதித்தன் யானைமீது இருந்தபடியே உயிர் துறந்தான்.

அவனைக் கொன்றவன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் மைத்துனனான கங்க அரசன் பூதுகன். இதைச் சொல்லும் சாசனம் எது தெரியுமா? ஒரு நாய்க்கு நட்ட கல்! அந்தப் போரில் தீரமாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற சேவகனிடம், "என்ன வேண்டும், கேள்" என்றான் பூதுகன். பொன் கேட்கலாம், ஊர் கேட்கலாம். "காளி என்ற வேட்டை நாயைக் கொடுங்கள்" என்றான் மணலேரன். அந்தக் காளியைப் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியின்மீது ஏவினார்கள். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மைசூர்ப் பக்கத்து ஆதகூரில், கோவிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, நிலமும் விட்டு, கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்று கட்டளையும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. சோழ சாம்ராஜ்யத்தையே ஆட்டி வைத்த ஒரு மரணம், நாய் ஒன்றின் மரணத்தோடு ஒரே கல்லில் இடம் பெற்றுவிட்டது.

காளியின் கழுத்தில் என்ன பட்டை இருந்தது என்று அந்தச் சாசனம் எழுதினவன் சொல்லவில்லை. அது என்ன செய்தது என்பதுதான் அவனுக்கு முக்கியமாக இருந்தது.

முள் உள்பக்கம் திரும்பியது நாயைப் 'பழக்குவது' தனி வித்தையான பிறகு. 1910இல் ஜெர்மானியர் கொன்ராட் மோஸ்ட் நாய்ப் பயிற்சியைப் பற்றி எழுதிய புத்தகம் பேர்பெற்றது. தவறினால் வலி, பணிந்தால் பரிசு என்பது அந்தப் பாடத்தின் சாரம். சுருக்குச் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை, மின்சாரம் பாய்ச்சும் பட்டை என்று பல தினுசுகள் வந்துவிட்டன. மின்சாரப் பட்டையை 2010இல் வேல்ஸ் நாட்டில் தடை செய்தார்கள். நம் தேசத்தில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமல் வாதாடியதன் பயனாக, 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. மிகவும் குட்டையான, அல்லது மிகவும் கனமான சங்கிலியில் பிராணியை நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது அதன்படி குற்றம். எந்நேரமும் கட்டிப் போட்ட நாயை நடக்க விடாதிருப்பதும் குற்றந்தான்.

இப்போது வைத்தியர் சொன்ன இன்னொரு விஷயம். சங்கிலியைக் கழற்றிய பிறகு, கோவிவனின் முதுகுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். நான் துள்ளிவிட்டேன். நாய் அசையவில்லை. மறுபடியும் போட்டார். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதற்குக் காது கேட்காது" என்றார் வைத்தியர்.

வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு இப்படி நேர்வதுண்டாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். திமிர் என்று நான் நினைத்தது திமிர் அல்ல. நான் சரித்திரத்திலிருந்து தேடியெடுத்து வைத்த பெயரை அது ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேளாத கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று அதன் தொண்டையை இறுக்கியிருக்கிறேன்.

பட்டை தைக்கச் சிதம்பரத்துக்குப் போனேன். கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும், "நாய் எங்கே சார்? காலைப் பார்க்காமல் செருப்புத் தைக்கிறதுண்டா?" என்றார். அடுத்த வாரம் வாடகைக் காரில் நாயோடு போனேன். காதுக்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு நூல். தலையின் அகலமான இடத்தைச் சுற்றி இன்னொரு நூல். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "இதுக்குத் தலை சின்னது. சாதாப் பட்டை நழுவிடும்" என்றார். இழுத்தால் கழுத்தளவுக்கு மட்டும் ஒடுங்கி, அதற்கு மேல் இறுகாதபடி ஒரு வார் வைத்துத் தைத்தார். இரண்டு விரல் அகலம்; வெளியே எருமைத் தோல், உள்ளே மெத்தென்ற ஆட்டுத் தோல். போட்டபின் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று அவரே விட்டுப் பார்த்தார்.

"குமிழுங்களை மூடி உள்ளே ஒரு தோல் வைக்கணும் சார். இல்லேன்னா அதுக்குப் புண்ணாயிடும்" என்றார்.

வர்ரோ சொன்னதையேதான் சொன்னார்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பைரவர் வாகனத்துக்குத்தானே? கொடுக்கிறதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, வெளியூர்க்காரனிடம் கேட்கிற தொகையையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நான்தான் பழகினேன். கயிற்றை லேசாக ஒரு தட்டுத் தட்டினால், 'என்னைப் பார்.' பார்த்ததும் கையைக் காட்டினால், 'நில்.' நின்றால் ஒரு துண்டு ரொட்டி. பட்டை இப்போது அதற்குக் காதாகிவிட்டது. மூன்று மாதத்தில், நாலடிக்கு ஒரு முறை தானாகவே நிமிர்ந்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

அம்மாவின் கை குணமாகிவிட்டது. இப்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதில்லை. விரல்களில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பழக்கம் மட்டும் விடவில்லை. நேற்றுக்கூட வாசலில் நின்று, "கோவிந்தா, வாடா" என்றார்.

"அதுக்குத்தான் கேட்காதே, அம்மா" என்றேன்.

"கேக்காட்டி என்னடா? நான் கூப்பிடறது அதுக்குத் தெரியும்" என்றார்.

நாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போயிற்று.