முத்துக்குளித்துறையும் அரச புரவலும்

ஒரு பதவியை அடைந்தவர் யார் என்று கேட்பது வரலாற்றின் ஒரு பாதி. அப்பதவிக்குரிய வாசலைத் திறந்துவிட்டவர் யார் என்று கேட்பது மறுபாதி. நம் இளைஞர்கள் இவ்விரண்டாம் கேள்வியையும் கேட்டுப் பழகுதல் வேண்டும். அதற்கு நாம் வாழும் தூத்துக்குடிக் கடற்கரையே தக்க சான்று தருகின்றது.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவப் பெருமக்கள், முத்துக்குளிப்புத் தொழிலில் தமக்கிருந்த உரிமையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துக்கீசியரின் துணையை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களோடு 'பதுரவாதோ' எனப்படும் அரச புரவல் முறையும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது. குருமாரின் ஊதியத்தையும் கோயில்களின் செலவையும் போர்த்துக்கல் மன்னர் ஏற்பார். ஆயராக வேண்டியவரின் பெயரையும் அவரே முன்மொழிவார். இதுவே அம்முறையின் சாரம்.

மன்னர் தந்த பொருள் எங்கிருந்து வந்தது? 1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், சிறுவர்க்குச் செபங்களைக் கற்பிக்க ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களின் ஊதியத்துக்கென ஆண்டுக்கு 4,000 பணம் ஒதுக்கப்பட்டது. அத்தொகை அதுவரை அரசி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்காக இக்கரையிலேயே தண்டப்பட்டு வந்ததாகும். மூச்சடக்கி மூழ்கியவனின் உழைப்பு அரசியின் காலணியாயிற்று. பின்பு அதுவே அரசியின் கொடையாகத் திரும்பி வந்தது!

இம்முறை போர்த்துக்கல்லில் புதிதாகப் பிறந்ததன்று. ஐரோப்பியரை நம் முன்னோர் 'பரங்கியர்' என்றழைத்தனர். அச்சொல்லின் வேர், இன்றைய பிரான்சு, ஜெர்மனி நாடுகளின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் ஆண்ட பிராங்கு இனத்தாரின் பெயரே. அவர்களின் மன்னன் குளோவிஸ் காலத்தில், 511-இல் ஓர்லேயான் நகரில் ஆயர் மன்றம் கூடியது. அரசனின் ஆணையோ அதிகாரியின் இசைவோ இன்றி எந்தப் பொதுநிலையினனும் திருப்பணியில் சேரலாகாது என்று அம்மன்றம் விதித்தது.

எனினும், அரசன் விரும்பினால் அடிமை மகனும் உயரலாம். அடிமைக் குடியில் பிறந்த எபோ என்பார் அரண்மனையில் பக்திமான் லூயியுடன் வளர்ந்தார். லூயி பேரரசரான பின், 816-இல் ரெய்ம்ஸ் நகரின் பேராயரானார். 833-இல் பேரரசருக்கு எதிராக எழுந்தோருடன் சேர்ந்தமையால் 835-இல் பதவியிழந்தார். அவர் செய்த அரசியல் பிழையை மட்டும் கண்டித்திருந்தால் குற்றமில்லை. ஆனால், லூயியின் வரலாற்றை எழுதிய தேகான் என்னும் திருச்சபைத் தலைவர், எபோவின் பிறப்பையே இழித்துரைத்தார். அரசனால் விடுதலை தர முடியும், உயர்குடிப் பிறப்பைத் தர முடியாது என்பது அவர் வாதம். பிழை ஒருவருடையது; பழியோ அவருடைய குலத்துக்கு! இவ்வழக்கை நாம் அறியாதவர்களா?

நம் கரையிலும் இதற்கு இணையானதைக் காண்கிறோம். என்றீக் என்றீக்கஸ் அடிகளார் யூத வழியில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. இயேசு சபை அவரை 1545-இல் ஏற்றது. அவர் இக்கரையில் தமிழ் கற்றார், தமிழில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய பணியே. ஆயினும் 1593-இல் அதே இயேசு சபை, யூத வழியினரைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அவ்விதி 1946 வரை முற்றிலும் நீங்கவில்லை.

இம்மண்ணின் மக்களுக்கோ கணக்கப்பிள்ளைப் பணி கிட்டிற்று, குருப்பட்டம் அரிதாயிற்று. கொல்லத்தைச் சேர்ந்த அந்தணரான பெரோ லூயிஸ் இயேசு சபையில் சேர்ந்து 1575-இல் குருவானார். அவருக்குப் பின் இந்தியருக்கு அச்சபையின் வாசல் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற நேர்ந்தது. அரச புரவல் அகன்றது. மக்கள் கற்றிருந்த செபமும் அவர்களின் நம்பிக்கையும் அகலவில்லை.

1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்தபோது, பரதவர் குலத்துத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். சவேரியார் வந்து 381 ஆண்டுகள் கழிந்திருந்தன. தலித் மக்களிலிருந்து ஒருவர் முதன்முதலாகக் கர்தினாலாக உயர, உலகம் 2022 வரை காத்திருந்தது. அவர் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா.

இவற்றால் நாம் தெளிவது யாது? அருளால் தரப்படும் பதவியின் திறவுகோல் தருபவர் கையிலேயே இருக்கும். உரிமையால் பெறும் பதவி அத்தகையதன்று. நம் அரசியலமைப்பின் 16(4)-ஆம் பிரிவு வழங்கும் இடஒதுக்கீட்டைச் சிலர் 'சலுகை' என்கின்றனர். நம் இளைஞர்களே சில வேளைகளில் அச்சொல்லைக் கூச்சத்துடன் கூறக் கேட்கிறோம். அது எந்த மன்னரும் இட்ட கொடையன்று. நம் முன்னோரின் உழைப்பில் எழுந்த இந்நாட்டில் நமக்குரிய பங்கு அது.

அவ்வுரிமையைப் பயன்கொள்ளக் கல்வி வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்துவரும் பணி இதுவே. நாம் நம் பிள்ளைகளைக் கற்பிப்போம். பிறர் அருளுக்குக் காத்திராத தலைமுறையை உருவாக்குவோம்.