பொதுவிடப் புகைப்படமும் அந்தரங்க உரிமையும் (நியூயார்க்)

பொதுவீதியில் செல்லும் அந்நியரை அவரது சம்மதமின்றிப் படம் பிடிப்பதை நியூயார்க் மாநிலச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆயினும், ஓர் இளம்பெண்ணின் உருவத்தை அனுமதியின்றி மாவு விளம்பரத்தில் அச்சிட்ட வழக்கில், 1902ஆம் ஆண்டு, மாநிலத்தின் தலைமை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவளுக்குப் பரிகாரம் மறுத்தமையால் ஜனங்களிடையே எழுந்த ஆட்சேபத்தின் விளைவாக, எழுத்துமூலமான சம்மதமின்றி ஒருவரது பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாகாது என்னும் விதி 1903இல் இயற்றப்பட்டது.

இவ்விதி கலைப்படைப்பையும் கட்டுப்படுத்துமோ என்னும் வினா, பிலிப்-லோர்கா டிகோர்சியா என்னும் புகைப்படக் கலைஞர், டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தின்மீது மின்னொளி விளக்குகளைப் பொருத்தி, வழிப்போக்கர் அறியாவண்ணம் தொலைவிலிருந்து எடுத்த முகப்படங்களை 2001இல் காட்சிக்கு வைத்து விற்றதன் பின்னர், அவற்றுள் தம் முகத்தைக் கண்ட வைதிக யூதர் ஒருவர், உருவ வழிபாட்டை விலக்கும் தம் சமயக் கட்டளையையும் எடுத்துக்காட்டி வழக்கிட்டபோது எழுந்தது. படம் கலையே, விற்பனையால் அது வியாபாரப் பொருளாகிவிடாது என்று 2006இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டிலோ, 2007இல், காலவரம்பு கடந்தது என்னும் காரணமே முடிவாயிற்று. ஆதலால் கலைஞர்கள் கொண்டாடும் அளவுக்கு 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதியுடையதன்று.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நிலைமை வேறு. மான்ட்ரியாலில் கட்டடப் படியில் அமர்ந்திருந்த பெண்ணின் படத்தைச் சம்மதமின்றி வெளியிட்ட கலையிதழும் புகைப்படக்காரரும் 2,000 டாலர் நஷ்டஈடு செலுத்த வேண்டுமென்று 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.