கடலுக்கு அப்பால் ஒரு கடைப்பையன்
(நாவலாசிரியர் ப. சிங்காரம் பற்றி ஒரு சிறு கட்டுரை)

 

கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறி மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை தெரியும். அந்தக் கடலுக்கு அக்கரைதான் சுமத்ரா தீவு. அங்குள்ள மேடான் பட்டணத்திற்கு 1938ஆம் ஆண்டில் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் கப்பலேறி வந்தான். வந்தது வட்டிக்கடை வேலைக்கு. பின்னாளில் நம் மக்கள் பட்ட பாட்டை நாவலாக எழுதிய ப. சிங்காரம் அந்தப் பையன்தான். நம் புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சிங்காரம் பிறந்தது 12.8.1920இல், இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில். உள்ளூரிலும் மதுரையிலும் படித்தார். மேடானில் கணக்கும் வட்டியும் பார்த்துக்கொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியப் படை மேடானுக்குள் புகுந்தது. அந்தக் காட்சியைத்தான் பின்னர் தம் பெரிய நாவலின் தொடக்கமாக வைத்தார்.

ஜப்பான்காரன் காலம் என்றால் நம் தோட்டங்களில் அதற்குத் தனிக் கதை உண்டு. அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. கையில் இருந்ததெல்லாம் வாழைமர நோட்டு. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் இரயில் பாதை போட, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவர் அழைப்பைக் கேட்டுத் தோட்டத்து இளைஞர்களும், இளம் பெண்களுங்கூட, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள்.

இந்தக் காலத்தைத்தான் சிங்காரம் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. பினாங்கு வட்டிக்கடையில் வேலை செய்யும் செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்புகிறான். முதலாளி மகள் மரகதத்தை அவனுக்குத் தருவதாக இருந்தது. "துப்பாக்கி பிடித்தவன் இனிக் கடைக்கு உதவமாட்டான்" என்று எண்ணும் முதலாளி பெண் கொடுக்க மறுக்கிறார். நாட்டுக்காகப் போனவனுக்குக் கிடைத்த பரிசு அதுதான்!

இரண்டாவது நாவல் 'புயலிலே ஒரு தோணி'. மேடானிலிருந்து பாண்டியன் என்னும் வாலிபன் தோணியேறிப் பினாங்குக்கு வருகிறான். வழியில் நடுக்கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கடல் நம் மலாக்கா நீரிணை. மலாய்ச் சொற்களும் மதுரைப் பேச்சும் கலந்து ஓடும் அந்த நடை, படிக்கிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். பாண்டியன் போரில் பல பாடுபட்டு, கடைசியில் ஊர் திரும்பாமலேயே மாண்டு போகிறான்.

இவ்வளவும் எழுதியவருக்கு என்ன கிடைத்தது? 1950இல் எழுதிய முதல் நாவல், 'கலைமகள்' பரிசு பெற்று நூலாக வந்தது 1959இல்தான். 1962இல் எழுதிய இரண்டாவது நாவல் 1972இல் வெளிவந்தது. பத்து ஆண்டு காத்திருப்பு! வெளிவந்த பிறகும் பேசுவோர் அதிகம் இல்லை. அதற்குப் பிறகு அவர் நாவலே எழுதவில்லை.

சொந்த வாழ்விலும் துயரம்தான். இந்தோனேசியாவில் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியவர், 1947 முதல் 1987 வரை மதுரை 'தினத்தந்தி'யில் பணிபுரிந்தார். விடுதி அறை ஒன்றில் தனியாகவே காலம் கழித்தார். சேர்த்து வைத்த ஏழு இலட்சம் ரூபாயையும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டு, 30.12.1997இல் கண் மூடினார். அவர் நாவல்களைப் பலரும் தேடிப் படிக்கத் தொடங்கியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இப்படி நடப்பது நம் இனத்தில் மட்டுமல்ல. அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1851இல் திமிங்கில வேட்டையைப் பற்றி 'மோபி டிக்' எழுதினார். நூல் விலை போகவில்லை. நியூயார்க் துறைமுகச் சுங்க இலாகாவில் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்து, 1891இல் ஏறக்குறைய மறக்கப்பட்ட மனிதராக இறந்தார். 1920களில்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. எழுதி வைத்த நூல் இருந்ததால் தாமதமாகவேனும் கண்டுகொண்டது! எழுதாமல் விட்டிருந்தால்?

என் கவலையும் அதுதான். சயாமுக்குப் போய் வந்த தாத்தாக்கள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளே இன்று கிழவர், கிழவிகள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயமும் இல்லை, பெரட்டுக்களமும் இல்லை. நம் நாட்டிலும் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எழுத்தாளர் பிறப்பாரா?

மாணவர்களே! பரிசு வாங்கிய நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனதும், பாட்டியிடம் போய் உட்காருங்கள். "உங்க அப்பா எந்தத் தோட்டம்? ஜப்பான்காரன் காலத்தில என்ன சாப்பிட்டாங்க? சயாமுக்குப் போனது யாரு?" என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "அதெல்லாம் எதுக்கு, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். அதுவும் படிப்புதான்.

வட்டிக்கடைக்குக் கணக்கு எழுத வந்த பையன் நம் மக்களின் கணக்கையும் எழுதி வைத்துப் போனான். மிச்சக் கணக்கு நம் வீடுகளில் இருக்கிறது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!