ஈரமும் தூசியும்: மட்கலத் தொழிலிற் காப்புமுறை கற்ற வரலாறு

தமிழ்நாட்டுக் கைத்தொழில்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் செய்பொருளின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். பானையின் வடிவம், மேற்பூச்சு, அதிற் பொறித்த எழுத்து, அது கிடைத்த மண்ணடுக்கின் காலம் ஆகியன நுணுகி ஆராயப்பட்டுள்ளன. அப்பானையை வனைந்தவன் தன் கையையும் கண்ணையும் மூச்சையும் எவ்வாறு காத்துக்கொண்டான், அக்காவலை யாரிடம் எவ்வாறு கற்றான் என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்பெறுகின்றது. சான்று குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். செய்பொருள் எஞ்சி நிற்க, செய்முறைப் பழக்கம் செய்தவனோடு மறைந்துவிடுகின்றது என்பது மற்றொன்று. எனினும் ஒரு தொழில் உருமாறும் இடத்தை உற்றுநோக்கின், மறைந்த பழக்கமும் ஓரளவு வெளிப்படும். அத்தகைய இடமொன்று கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் வட்டாரம் ஆகும்.

தேவாரப் பாடல் பெற்ற திருமுதுகுன்றமே விருத்தாசலம் என வடமொழியாக்கம் பெற்று வழங்குகின்றது. பழமலை என்னும் பெயரும் அதற்கு உண்டு. மலையோ கண்ணுக்குத் தோன்றுவதில்லை. கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூர் இக்காலத்திற் பீங்கானாலும் அறியப்படுகின்றது. அண்மையிலுள்ள நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கி, 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. கரியின்மேற் படிந்துகிடந்த மண்ணொடு வெண்களிமண்ணும் வெளிவந்தது. அதனைக் கழுவித் தூய்மை செய்யும் ஆலை அப்பெருந்திட்டத்தின் உறுப்புகளுள் ஒன்றாய் இருந்தது. விருத்தாசலத்திற் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்திற் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசு நிறுவனமும் உருவாயின. கொலுப்பொம்மைகள், விளக்குகள், மின்கம்பிக்குரிய காப்புப் பீங்கான்கள் எனப் பலவகைப் பொருள்கள் அங்குச் செய்யப்படலாயின. விருத்தாசலத்திற்கு வடக்கே உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் அமைந்த மங்கலம்பேட்டை முதலிய ஊர்களையும் உளப்படுத்தியே ஈண்டு வட்டாரம் என்கின்றோம். இவ்வட்டாரத்திற்குக் களிமண் புதிதன்று. களிமண்ணை உலர்பொடியாக்கிக் கையாளுவதே புதிது. இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பழந்தொழிலை நோக்குவோம். சங்க இலக்கியத்திற் குயவர் பல இடங்களில் தோன்றுகின்றனர். நற்றிணை 200ஆம் பாட்டில் ஊர்விழவை அறிவித்துச் செல்பவர் ஒரு குயவரே. புறநானூற்று 228ஆம் பாட்டு, இறந்த சோழனைக் கவிக்கத் தாழி வனையுமாறு ஒரு கலஞ்செய்வோனை விளித்து, அவனது சூளைப்புகை வானத்திற் சென்று திரளுவதைக் கூறுகின்றது. பாடிய ஐயூர் முடவனார் புகையின் செறிவைக் கண்டவர் என்பதில் ஐயமில்லை. அப்புகையினிடையே நின்றவனது மூச்சு பற்றி அவர் பாடவில்லை. பாடவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. பிற்காலத்தில் தில்லையில் வாழ்ந்த வேட்கோவராகிய திருநீலகண்டரைச் சேக்கிழார் போற்றினார். அடியார்க்கு ஓடு அளிக்கும் அறமே அங்கும் பேசப்படுகின்றது, தொழிற்பயிற்சி பேசப்படவில்லை. இலக்கியச் சான்று இவ்வளவில் நிற்க, எஞ்சியதைத் தொழிலின் இயல்பினின்றே உய்த்துணர வேண்டியுள்ளது.

ஏரிமண்ணைக் கொணர்ந்து ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து காலால் மிதித்துப் பிசைந்து, திகிரியில் ஏற்றி வனைந்து, அரையுலர்ந்த பதத்தில் தட்டி மெலிதாக்கி, நிழலிலும் வெயிலிலும் உலர்த்திச் சூளையில் அடுக்குவது நாட்டுக் குயவர் முறை. இம்முறையில் மண் ஏறத்தாழ இறுதிவரை ஈரமாகவே இருக்கின்றது. உலர்ந்தபின் அதனைச் சுரண்டுவதோ தேய்ப்பதோ மிகக் குறைவு. ஈரமண் பறப்பதில்லை. ஆகவே இத்தொழிலில் முதன்மையான காவல் யாரும் வகுத்த விதியாக அமையாமல், செய்முறையினுள்ளேயே அடங்கிக் கிடந்தது.

சூளையின் நிலையும் இத்தகையதே. நன்கு உலராத கலத்தைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தை உடைக்கும். உடைந்த துண்டு பக்கத்துக் கலங்களையும் கெடுக்கும். ஐயனார் கோயிற் குதிரை போன்ற பேருருவங்களை உள்ளீடின்றிச் செய்து, ஆங்காங்கே துளை விடுவதும் ஆவியும் காற்றும் வெளியேறும் பொருட்டே. கலத்தைக் காப்பதற்குக் கற்ற பொறுமை செய்வோனையும் காத்தது. தந்தை தன் மகனுக்கு, "அவசரப்படாதே, உடையும்" என்று சொல்லியிருப்பார். "உனக்குத் தீங்கு வரும்" என்று சொல்ல வேண்டியிருந்திராது. சொல்லாமலே கற்பிக்கப்பட்ட இக்காப்பு, செய்முறை மாறியவுடன் தானும் நீங்கிவிடும் தன்மையது. இதனை ஈண்டு அழுத்திக் கூறுதல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதாற் பழந்தொழில் நோயற்றது எனப் போற்றுவதாகக் கொள்ளற்க. வைக்கோலும் வறட்டியும் எரியும் சூளைப்புகை கண்ணையும் நெஞ்சையும் தாக்கக்கூடியது. நாள்தோறும் குனிந்து வனைபவனது முதுகு நலமுற்றிருந்தது என்று எவரும் கூறார். அன்றியும், பழந்தமிழகத்துத் தொழில்கள் யாவும் ஈரத்தொழில்கள் அல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிற் படிகமும் சூதுபவளமும் மணிகளாக ஆக்கப்பட்ட பட்டறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. குசராத்து நாட்டுக் காம்பேயில் அதே இனத்துக் கற்களைத் தேய்க்கும் தொழிலாளரிடையே நுரையீரல் நோய் மிகுந்திருப்பதை இக்கால மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. கொடுமணல் மணிகளின் அழகைப் பேசும்போது இதனையும் உடன் நினைத்தல் தகும்.

இனிப் பீங்கான் பட்டறைக்கு வருவோம். பீங்கான் என்னும் சொல் பாரசீக மூலமுடையது என்பர். சொல்லைப் போலவே தொழிலும் வேறு வழியில் வந்தது. வெண்களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்னும் கற்பொடிகளைச் சேர்த்து, 'பால் மில்' என்னும் சுழலும் உருளையில் நீரிட்டு அரைத்துக் கூழாக்குவர். அக்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் மண் தோலாகப் படியும். மிகுந்த கூழை வடித்துவிட்டு உருவத்தை எடுப்பர். பின்னர் அச்சின் இணைப்பு வரிகளைக் கத்தியாற் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டறையார் 'கிளேஸ்' என வழங்கும் பூச்சில் தோய்த்துச் சூளையில் சுடுவர். குவார்ட்ஸ் என்பது படிகநிலைச் சிலிக்கா. அது பொடியாய்ப் பையிலிருந்து கொட்டப்படும்போதும், உலர்ந்த உருவம் தேய்க்கப்படும்போதும், தரையிற் சிந்திய கூழ் காய்ந்து மிதிபட்டுத் துடைப்பத்தாற் கிளப்பப்படும்போதும் காற்றிற் கலக்கின்றது. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தலைமயிரின் பருமனிற் பத்திலொரு பங்கினும் சிறிய துகளே நுரையீரலின் அடிவரை சென்று தழும்பை உண்டாக்குகின்றது. 'சிலிகோசிஸ்' எனப்படும் அந்நோய்க்கு மீட்சியில்லை. காசநோய்க்கும் அது வாயில் திறந்துவிடுகின்றது.

இத்தீங்கு உலகிற்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்கலத் தொழிலில், சுட்ட சிக்கிமுக்கிக் கல்லை உலர்நிலையில் இடித்துப் பொடியாக்கிக் களிமண்ணோடு சேர்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவியது. 1726இல் தாமஸ் பென்சன் என்பார் அக்கல்லை நீரினுள் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எத்துணை உடல்வலிமை உடையவனும் உலர்பொடி வேலையில் இரண்டாண்டுக்கு மேல் உயிர்தரியான் என்பதை அக்காப்புரிமை ஆவணமே காரணமாகக் கூறுகின்றது. காப்புமுறையின் வரலாற்றில் இஃது ஓர் அரிய சான்றாகும். நம் குயவர் கருதாமலே கைக்கொண்டிருந்த ஈரத்தை, அங்கே ஒருவர் கருதி மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் ஈர அரைப்பு வந்தபின்னரும் அங்கே நோய் ஒழியவில்லை. அரைக்குமிடத்தில் மட்டுமே ஈரம் காத்தது. அரைத்தது மீண்டும் உலர்ந்த இடமெல்லாம் பழைய தீங்கே தலைதூக்கியது. ஸ்டோக் நகரத்து மருத்துவர் ஆர்லிட்ஜ் 1892இல் தொழில்நோய்கள் பற்றி வெளியிட்ட நூலில் மட்கலத் தொழிலாளரின் மார்புநோய் இன்னும் இடம்பெற்றிருந்தது. பூச்சிற் சேர்த்த ஈயம் வேறொரு துன்பம். 1700இல் இத்தாலிய மருத்துவர் ரமசினி, குயவரின் கைந்நடுக்கத்திற்கும் முடக்குவாதத்திற்கும் ஈயமே காரணம் என எழுதியிருந்தார். அவர் நூல் வந்து ஏறத்தாழ 250 ஆண்டுகள் சென்றபின், 1947இலும் 1950இலும் பிறந்த தனிவிதிகளே பிரித்தானியப் பட்டறைகளில் ஈயப்பூச்சையும் தூசியையும் வன்மையாகக் கட்டுப்படுத்தின. அறிந்ததற்கும் கைக்கொண்டதற்கும் இடையே இத்துணைக் காலம் சென்றது ஏன்?

முதலாளியரின் செலவச்சத்தை ஒரு காரணமாகக் கூறுவர், அது மெய்யே. ஆனாற் கற்றலின் இயல்பிலும் ஒரு காரணம் உண்டென்பது எம் கருத்து. சூளையைத் தொட்டவன் அக்கணமே கற்கின்றான். கத்தி வழுக்கினால் குருதி கற்பிக்கின்றது. தூசியோ பத்தாண்டு, இருபதாண்டு கழித்தே தன் பாடத்தைச் சொல்கின்றது. அப்போது அதனைக் காசம் என்றோ, முதுமை என்றோ, புகைபிடித்ததன் பயன் என்றோ கொள்ளுதல் எளிது. பார்த்துப் பழகுதல் என்னும் பழைய முறை, உடனே விளைவு தரும் தீங்குகளுக்கே ஏற்றது. மூத்த தொழிலாளி இருபது ஆண்டு தேய்த்தும் நலமாகத் தோன்றினால், இளையவன் அவரிடம் கற்பது அச்சமின்மையையே. இங்கே ஆசான் தவறினார் என்று கூறுதல் பொருந்தாது. அவர் கண்ணாற் கண்டதையே கற்பித்தார். காணவியலாததைக் கற்பிக்க எழுத்தும் அளவையும் வேண்டும்.

அவ்வெழுத்துமுறைக் கல்வி தமிழகத்துக் கைத்தொழிலுக்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையிற் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு தொழிற்பிரிவும் அதனோடு சேர்ந்தது. மட்கலமும் அங்குப் பயிற்றப்பட்டது. நிறுவியவர் ஒரு மருத்துவர் என்பது சுவையான செய்தி. தந்தையிடமன்றி ஆசிரியரிடம், குறித்த சில ஆண்டுகளுக்குள், பிற குடியினரும் மண்தொழில் கற்கும் நிலை அப்போது தோன்றியது. விருத்தாசலத்துப் பட்டயப் படிப்பு இவ்வழியிற் பின்னர்த் தோன்றிய ஒன்றாகும். பயில்பவர் பலர்க்கு மண் பரம்பரைத் தொழிலன்று. அவர்களிடம் ஈரத்தின் பழக்கம் இராது. அதேபோல், பழகிப்போன அச்சமின்மையும் இராது. இவ்விரண்டாவது, கற்பிப்பார்க்கு ஒரு நல்வாய்ப்பு.

சட்டத்தின் கை எவ்வளவு நீண்டது என்பதையும் காணல் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தூசியை அது பிறக்கும் இடத்திலேயே தடுத்து வெளியேற்றுமாறு கூறி, சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. ஆயின் அச்சட்டம், மின்விசை உள்ள இடத்தில் 10 பேரும் அஃதில்லாத இடத்தில் 20 பேரும் பணிசெய்தாலே இயல்பாகச் செல்லுபடியாயிற்று. 2020இல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெல்லையை 20 எனவும் 40 எனவும் உயர்த்தியது. ஆறேழு பேர் கூடிப் பொம்மை வார்க்கும் கொட்டகை இரு எல்லைகளுக்கும் கீழே நிற்கின்றது. அங்கே ஆய்வாளரின் வருகையை எதிர்பார்த்தல் அரிது. ஒருவர்க்கொருவர் கற்பிப்பதே எஞ்சுகின்றது.

அவ்வாறு கற்பிக்குங்கால் எவ்வகைச் சொற்களாற் கற்பிப்பது? தமிழ் ஆய்வாளர்க்கு உரிய வினா இதுவே. தூசி, துகள், புழுதி, பொடி, மா என நுண்பொருளுக்குத் தமிழிற் சொற்கள் பல. பட்டறையிற் பெரும்பாலும் 'பவுடர்', 'டஸ்ட்' என்றே கேட்கின்றோம். பாடநூல்கள் நுண்துகள் என்கின்றன. கண்ணுக்குத் தோன்றாமல் நுரையீரலுட் புகும் துகளை மட்டும் பிரித்துக் காட்டும் வழக்குச்சொல் எதுவும் பிறக்கவில்லை. பெயரில்லாத தீங்கிற்குத் துண்டை முகத்திற் சுற்றிக்கொள்ளுதலே போதும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. துண்டின் இழைகள் பெருந்தூசியைத் தடுக்கும். கொல்லும் துகளை விட்டுவிடும். அதற்குரிய வடிகட்டும் முகமூடி வேறு.

புதிய சொல் படைப்பதினும், உள்ள சொல்லையும் பழக்கத்தையும் இடம்பெயர்த்தல் பயனுடையதாகத் தோன்றுகின்றது. தமிழ் மகளிர் வாசலை முதலில் நீர் தெளித்த பின்னரே பெருக்குகின்றனர். அதே கைகள் பட்டறையினுள் உலர்ந்த தரையை வெறுந்துடைப்பத்தாற் பெருக்குவதைக் காணலாம். அச்சும் உருவமும் நனைந்துவிடும் என்று அஞ்சுவர் போலும். அவற்றை உயரே அடுக்கிவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்தற்குத் தடையொன்றும் இல்லை.

பதம் என்னும் சொல் இன்னும் வளமுடையது. தட்டுவதற்குரிய அரையுலர் நிலையைக் குயவர் பதம் என்பர். பதம் தப்பினால் கலம் வீணாகும். வார்த்தெடுத்த பொம்மைக்கும் அத்தகைய நிலை ஒன்று உண்டு. முற்றும் உலர்வதற்கு முன், விரல் பட்டால் குழியாத அளவு இறுகிய அப்பொழுதில் இணைப்பு வரியைச் சீவினால், மண் சுருள் சுருளாக விழும், பறப்பதில்லை. எஞ்சிய மேடுபள்ளத்தை ஈரப்பஞ்சால் ஒற்றிச் சமன் செய்யலாம். உப்புத்தாளுக்கு மிகச் சிறிதே வேலை இருக்கும். வேலை குவியும் கொலுக்காலத்தில் உருவங்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுப் பதம் கடந்து வெள்ளையாய் உலர்ந்த பின்னரே சீவப்படுதல் எளிதாக நேரும். ஒரு நாளில் எத்தனை வார்ப்பது என்பதை அன்றே எத்தனை சீவி முடிக்கலாம் என்பதைக் கொண்டு வரையறுக்கும் பட்டறையில் இது நேராது.