கிங்ஸ் சர்க்கிள்: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கிங்ஸ் சர்க்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் பில்டர் காபியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் பிளேக்கில் ஆரம்பிக்கப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன் நான், சரித்திர வாத்தியார் இல்லை. ஆனால் எதையும் பத்திரம், ரசீது, பேரேடு வழியாகப் பார்ப்பது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒரு ஊர் எப்படி உண்டாகிறது என்பதையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது.

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினாலே வாயைப் பிளப்பார்கள். "என்னடே, அப்படியே நம்ம ஊரு மாதிரில்லா இருக்கு!" தொடுத்த மல்லிகை, வாழை இலை, கறிவேப்பிலை, அப்பளக்கட்டு, பஞ்சாங்கம், கோயிலிலிருந்து மணிச் சத்தம், தமிழில் பேரம் பேசும் பாட்டிகள். எனக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கம். தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் அப்பளமும்தான் எங்கள் பக்கத்து அடையாளம். அங்கிருந்து வருகிறவனுக்கும் மாட்டுங்காவில் ஒரு மணி நேரம் ஊர் ஞாபகம் வராது, ஏனென்றால் ஊரிலேயே நிற்பதுபோலத்தான் இருக்கும்.

இந்தச் சின்ன ஊரை பம்பாய்க்கு நடுவில் யார் கொண்டுவந்து வைத்தார்கள்?

எலிகள் என்று சொன்னால் பாதி உண்மை. 1896ல் பம்பாயில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், பிளேக் ஆரம்பித்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாமல் மனிதர்களை அடைத்து வைத்திருந்த பகுதி அது. சனம் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடியது, வியாபாரம் படுத்தது. அரசாங்கம் பயந்துபோய் 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. நெரிசலை உடைத்துச் சாலை போடுவது ஒரு வேலை. தீவின் வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, மனை பிரித்து, குத்தகைக்கு விட்டுப் புது ஊர் அமைப்பது இன்னொரு வேலை. 1900ஐ ஒட்டித் தீட்டப்பட்ட தாதர், மாட்டுங்கா, சயான் திட்டங்கள் அப்படி வந்தவை. சந்து பொந்து இல்லாத நேர்த் தெருக்கள், மரங்கள், நடுவில் வட்டப் பூங்கா. தெருக்களுக்குப் பண்டார்கர், தெலங், பாவு தாஜி என்று படித்தவர்கள் பெயர்கள்.

திட்டம் போட்டவுடன் ஆள் வந்துவிடவில்லை. இருபது முப்பது வருஷம் இழுத்தது. 1920களிலும் 30களிலும்தான் கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. அந்தக் கட்டடங்களில் அதிகம் குடிவந்தவர்கள் நம் ஆட்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு என்று பல ஊர்க்காரர்கள். ரயில் ஒரு காரணம். 1871லேயே பம்பாய் லைனும் மதராஸ் லைனும் ராய்ச்சூரில் சேர்ந்துவிட்டன. 1876ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1904ல் கொல்லம் பாதை முழுவதும் திறந்தபோது எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கும் ஸ்டேஷன் கிடைத்திருந்தது. இரண்டாவது காரணம் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். ஊரில் பாகம் பிரித்துப் பிரித்து நிலம் சுருங்கிப்போன வீடுகளின் பையன்கள், இங்கிலீஷும் கணக்கும் கொஞ்சம் தட்டச்சும் கற்றுக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு வண்டி ஏறினார்கள்.

மாதச் சம்பளக்காரனுக்கு வாடகை வீடு கிடைப்பது சுலபம், அன்றைக்கும் இன்றைக்கும். வீட்டுக்காரனுக்குத் தேவை ஒன்றாம் தேதி காசு. மாட்டுங்கா வீடுகளில் சமையலறை, குளியலறை, கக்கூஸ் எல்லாம் ஒரே கதவுக்கு உள்ளே. கக்கூஸ் கொல்லைக் கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 1932ல் பிள்ளைகள் படிக்க சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. கல்யாணம் ஆகாத பையன்கள் சாப்பிட மெஸ்கள். 1942ல் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராம நாயக் ஆரம்பித்த உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்காத தென்னிந்தியன் குறைவு. (நாம் 'நம்ம ஓட்டல்' என்று உரிமை கொண்டாடும் மாட்டுங்கா ஓட்டல்கள் பலவும் உடுப்பிக்காரர்களுடையவை. பம்பாய்க்காரனுக்கு எல்லோரும் 'மதராஸி'தான் :-)) கச்சேரிக்கு 1952ல் ஷண்முகானந்தா சபா, 1963ல் அதன் பெரிய அரங்கம். 1990ல் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. 1998ல் திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

நடுவில் கஷ்ட காலமும் உண்டு. 1960ல் பால் தாக்கரே ஆரம்பித்த 'மார்மிக்' பத்திரிகையில் எந்தெந்த ஆபீஸில் எத்தனை தென்னிந்தியர்கள் என்று பெயர்ப் பட்டியல்கள் வந்தன. 1966ல் சிவசேனா உருவானது. அந்த வருஷங்களில் உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. ஆனாலும் ஊர் கலையவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணத்தைக் கச்சேரி ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள், வங்கிக்காரன் நான் சொல்கிறேன்: 1947ஆம் வருஷத்து பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ, ஏறக்குறைய அதிலேயே நிறுத்திவிட்டது. ரசீது கையில் இருக்கிற குடித்தனக்காரனைக் கிளப்ப முடியாது. மற்றவர்கள் கல் எறியலாம், வீட்டுக்காரன் முறைக்கலாம், ரசீது காப்பாற்றும். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தது அப்படித்தான்.

ஆக, கிங்ஸ் சர்க்கிளை நிற்க வைத்ததில் பக்தி, சங்கீதம், காபி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அடியில் கிடப்பது காகிதம். குத்தகைப் பத்திரம், சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, சொசைட்டி பதிவேடு. காகிதம் இருந்ததால் ஊர் நிலைத்தது. ஊர் நிலைத்ததால் சரித்திரமும் எழுதப்பட்டது.

இப்போது தண்டவாளத்தைத் தாண்டுவோம். சென்ட்ரல் ரயில்வே பாதைக்குக் கிழக்கே கிங்ஸ் சர்க்கிள். மேற்கே தாராவி. நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்தப் பக்கமும் திருநெல்வேலிதான். சொல்லப்போனால் கொஞ்சம் மூத்த திருநெல்வேலி. மாட்டுங்காவில் மனை பிரிப்பதற்கு முன்பே அங்கே நம் ஆட்கள் வந்தாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொட்டியைப் பட்டணத்திலிருந்து பாந்த்ராவுக்குத் தள்ளினார்கள். பாந்த்ராவில் உரித்த தோல், கழிமுகத்தைத் தாண்டினால் தாராவி. நாற்றம் பிடித்த தொழில்கள் எல்லாம் ஊர்க்கோடிக்குப் போக வேண்டும் என்ற அந்தக் காலத்து விதிப்படி, தோல் பதனிடும் தொட்டிகள் அங்கே வந்தன. நடத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி தென்மாவட்டங்களின் ஆதிதிராவிடர்கள். தாராவியின் பழைய மசூதியான படி மஸ்ஜித் 1887ல் தொடங்கியது. பழைய பிள்ளையார் கோயில் 1913ல் எழுந்தது. அதாவது கிங்ஸ் சர்க்கிள் தெருக்களில் பாதி காலி மனையாக இருந்த காலத்தில், அங்கே ஒரு தமிழ் ஊர் கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் தொண்ணூறடி ரோட்டில் தைப் பொங்கல் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் வரிசையாகத் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். விடிவதற்கு முன் தாராவியில் வேகும் இட்லி, சைக்கிளில் ஏறி பம்பாய் முழுக்கப் போகிறது. பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தெற்கத்திப் பேச்சுதான் வரும்.

ஆனாலும் "பம்பாயில் தமிழர் வாழ்க்கை" என்று யாராவது கட்டுரை எழுதினால், மாட்டுங்காவுக்கு நாலு பக்கம், தாராவிக்கு நாலு வரி. அந்த நாலு வரியும் வரதராஜ முதலியாரும் 'நாயகன்' படமும்தான்.

இது ஏன் என்று யோசித்தால் ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில், நாலு தெரு, கடைத்தெரு, பள்ளிக்கூடம். தெரு முடிந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் இன்னொரு குடியிருப்பு. அங்கே இருப்பவர்களின் உழைப்பு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு நெல் விளையாது. ஆனால் ஊர்க்கதை சொல்லும்போது யாரும் பாலத்தைத் தாண்ட மாட்டார்கள். 'அப்படியே நம்ம ஊர்' என்று மாட்டுங்காவில் பெருமைப்படுகிறோமே, ரொம்ப சரி. அப்படியேதான் வந்திருக்கிறது. வாய்க்காலையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். இங்கே அதற்குப் பெயர் தண்டவாளம்.

வங்கியில் இதைக் கண்ணால் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கு ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஏற்கனவே கணக்கு உள்ளவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் அந்த முறை போய்விட்டது. மாட்டுங்கா பையனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் போட்டுவிடுவார். தாராவிக்காரருக்கு அறிமுகம் சொல்ல யார் வருவார்? அவர் ஊர்ச் சீட்டு போட்டுக்கொண்டார், நகையை அடகு வைத்தார், மணியார்டரில் வீட்டுக்குப் பணம் அனுப்பினார். 1880ல் ஆரம்பித்த மணியார்டர்தான் ரொம்ப காலம் அவருக்கு வங்கி.

நான் இருந்த ஒரு கிளைக்கு (எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம்) தாராவியிலிருந்து ஒருவர் கடன் கேட்டு வந்தார். தோல் பை தைக்கிற பட்டறை, இரண்டு மிஷின் வாங்க வேண்டும். நான் வாயைத் திறந்த இரண்டாவது வார்த்தையிலேயே "அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கமா?" என்றார். வயசில் என்னைவிட மூத்தவர், ஆனால் நாற்காலியில் இருப்பவன் அண்ணாச்சி :-). ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, கரண்ட் பில், அப்பா பெயரில் 1976ஆம் வருஷத்து குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ். மடிப்பில் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்திருந்தது. ஆர்டர் புத்தகமும் காட்டினார். நான் பார்த்தவரை நல்ல பார்ட்டி. சிபாரிசு செய்து மேலே அனுப்பினேன். விலாசத்தைக் காரணம் காட்டி பைல் திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லாமல் எல்லாக் காகிதத்தையும் அதே வரிசையில் உறைக்குள் திரும்ப அடுக்கினார். "பரவால்ல அண்ணாச்சி, பேப்பர் பத்திரமா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையின் கனம் இப்போதுதான் புரிகிறது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2022ல் அதானி குழுமத்துக்குப் போனது. 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் உள்ளவருக்கு அங்கேயே இலவச வீடு என்பது திட்டத்தின் கணக்கு. பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடம், வேறு நிபந்தனை. 1887லிருந்து இருக்கிற ஊர், 2000க்கு முன்னால் இருந்தோம் என்று நிரூபிக்கக் காகிதம் தேடிக்கொண்டிருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிளிலும் தேடுகிறார்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இடிந்து அடுக்கு மாடிகள் எழுகின்றன. பகடி முறையில் இருந்தவர்கள் தாத்தா காலத்து வாடகை ரசீதைத் தேடிப் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். பிள்ளைகள் செம்பூர், டோம்பிவிலி, நியூ ஜெர்சி என்று போயாயிற்று. மாட்டுங்காவில் இன்று குஜராத்தியும் கட்ச்சியும்தான் அதிகம் கேட்கிறது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வந்தவர்கள் போவதும் புதியவர்கள் வருவதும்தான் பம்பாய். ஆனால் இந்தப் பக்கத்துக்காரர் ரசீதை நீட்டினால் வக்கீல் மரியாதையாக வாங்கிப் பார்க்கிறார். அந்தப் பக்கத்துக்காரர் உறையை நீட்டினால் முதலில் சந்தேகம். ஒரே மாவட்டம், ஒரே பேச்சு, ஒரே காலத்து ரயில். வந்து இறங்கியபோது ஒருவருக்குக் காகிதம் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக, இதைப் படிக்கும் பம்பாய்த் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கமானாலும் சரி, உங்கள் வீட்டுப் பரணில் மணியார்டர் ரசீது, மெஸ் கூப்பன், ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், சங்கத்துச் சந்தா ரசீது என்று எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் யார் பெயர், எந்த வருஷம், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மாட்டுங்காவின் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். தாராவியின் கதைக்கு அந்தக் கிழிந்த போட்டோ பாஸ்கள்தான் இருக்கின்றன.