சர்க்கரைக் குறைப்பும் இனிப்பு நாட்டமும்

உணவைத் தயாரிக்கும்போதோ சமைக்கும்போதோ பரிமாறும்போதோ நாமாகக் கலக்கும் இனிப்பே சேர்க்கப்பட்ட சர்க்கரை எனப்படுகிறது. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் இனிப்பு இந்தக் கணக்கில் வராது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை மூன்றும் வரும். தேனையும் பழச்சாற்றையும்கூடக் கட்டுப்படுத்த வேண்டியவற்றோடுதான் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. இத்தகைய சர்க்கரை ஒரு நாளைய உணவு ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்பது அந்நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டு நாளுக்கு மூன்று காபி குடிப்பவருக்கு அதிலேயே 24 கிராம் ஆகிவிடுகிறது.

சர்க்கரையைக் குறைத்தால் அதன் மேலுள்ள ஆசையும் குறையுமா? இக்கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் சில உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள மோனெல் வேதிப்புலன் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் முக்கியமானது. ஐந்து மாதம் நடந்த இந்த ஆய்வில் முதல் மாதம் எல்லோரும் வழக்கமான உணவையே உண்டார்கள். அடுத்த மூன்று மாதம் ஒரு பிரிவினர் மட்டும், சர்க்கரையிலிருந்து பெற்றுவந்த கலோரியில் 40 விழுக்காட்டைக் குறைத்து, அந்த இடத்தைக் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றால் நிரப்பினார்கள். மாதந்தோறும் வெவ்வேறு அளவு இனிப்புள்ள வெனிலா புட்டிங்கையும் ராஸ்பெரி பானத்தையும் சுவைக்கக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். குறைத்துண்ட மூன்றாம் மாதத்தில், அதே புட்டிங் இந்தப் பிரிவினருக்கு மற்றவர்களைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இனித்தது. நாக்கு கூர்மையாகிவிட்டது. ஆனால் எந்த அளவு இனிப்பு பிடிக்கிறது என்பதில் மாற்றமே இல்லை. கடைசி மாதம் விருப்பம்போல உண்ண விட்டதும் அவர்களுடைய சர்க்கரை அளவு விரைவில் மீண்டும் ஏறிவிட்டது.

உப்பின் கதை வேறு. இதே மையத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், சில மாதங்கள் உப்பைக் குறைத்து உண்டவர்களுக்குக் குறைந்த உப்பே பிடித்தமாகிப்போனது. இனிப்பு நாட்டம் அவ்வளவு எளிதில் இளகுவதில்லை. நெதர்லாந்தில் 180 பேர் ஆறு மாதம் பங்கேற்ற ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. இனிப்புச் சுவையுள்ள உணவைக் குறைவாக உண்டவர்களுக்கும் அதிகமாக உண்டவர்களுக்கும் இனிப்பின் மீதான விருப்பம் மாறவில்லை என்றே அதுவும் சொல்கிறது.

ஆகவே, 'கொஞ்ச நாள் பொறுத்தால் ஆசை தானாக விட்டுவிடும்' என்று நம்பித் தொடங்குகிறவர்கள் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். ஆசை விடவில்லையே என்று அவர்கள் தங்களைக் குறைசொல்லிக்கொள்ளத் தேவையில்லை. தேநீர்க் கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பழகிய ஒருவருக்கு, மாஸ்டர் மறந்துபோய் வழக்கமான அளவு போட்டுவிட்டால் முதல் மிடறிலேயே திகட்டும். அவரே கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஆசையோடு கேட்டு வாங்குவார். ஒவ்வொரு உணவுக்கும் இவ்வளவு இனிப்பு என்று மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தேநீருக்கான கணக்கைக் குறைக்க முடியும். ஜாங்கிரி தன் கணக்கோடு அப்படியே இருக்கும். அன்றாடம் திரும்பத் திரும்ப உண்பதிலிருந்து தொடங்குவதே பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

பானங்களில் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஒரே ஆட்களுக்கு நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாகவும் நான்கு வாரம் சோடா பானமாகவும் நாளுக்கு 450 கலோரி கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் மற்ற உணவை அவர்கள் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாட்களில் குறைக்கவில்லை. குடித்த சர்க்கரையை வயிறு கணக்கில் வைப்பதில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டிகளுக்கு மாறுவது பலருக்கும் தோன்றும் வழி. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

விருப்பம் மாறாத நிலையில், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பொட்டல உணவுகளின் ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரைக்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கும் தனித்தனி வரிகள் உண்டு. வாங்கும் முன் அந்த இரண்டாவது வரியைப் படியுங்கள், 100 கிராமுக்கு எத்தனை டீஸ்பூன் என்று நான்கால் வகுத்துப் பாருங்கள்.